ரத்தம் கொடுத்த பிறகு வரும் போன்: ஹெப்படைட்டிஸ் பி, சி பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்ததான முகாம்களின் பதிவு மேசையிலும், பிறகு ரிசல்ட் கேட்டு வருகிறவர்களோடும் பேசியதில் சேர்ந்த கேள்விகள் இவை. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி என்ற இரண்டு வைரஸ்களைப் பற்றியவை. எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் "நம்ம ஊர்ல எத்தனை பேருக்குங்க இருக்கும்?" என்பதில் வந்து நிற்கும். சதவீதத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் யாரைச் சோதித்ததில் கிடைத்த சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் பதில்கள் சில இடங்களில் நீளும்.

போன வாரம் ரத்தம் கொடுத்தேன். இப்போது ரத்த வங்கியிலிருந்து "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க" என்று போன். எதற்கு?

நீங்கள் கொடுத்த ரத்தத்தில் கட்டாயமாக ஐந்து சோதனைகள் செய்வார்கள்: எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. ஏதோ ஒன்றில் 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்திருக்கலாம். எது என்பதைப் போனில் சொல்ல மாட்டார்கள். வீட்டில் அந்தப் போனை யார் எடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் ரிசல்ட் உங்களுக்கு மட்டும்தான் சொந்தம்.

அந்தப் பை யாருக்கும் ஏற்றப்படாது. தனியே ஒதுக்கி, மருத்துவக் கழிவாக அழித்துவிடுவார்கள். போன் வந்தும் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஓசூரிலோ பெங்களூரிலோ ஷிஃப்டில் இருப்பவர் லீவு போட்டு வர வேண்டுமே என்று தள்ளிப்போடுவார், அப்படியே மறந்தும் போவார். தயவுசெய்து போய்விட்டு வாருங்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையில் இந்த வைரஸ் கண்ணில் பட இதைவிட நல்ல சந்தர்ப்பம் பெரும்பாலும் கிடைக்காது.

ரியாக்டிவ் என்றால் எனக்கு நோய் இருக்கிறது என்று முடிவாகிவிட்டதா?

இல்லை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்ல வேண்டும்.

ரத்த வங்கி ஆய்வகத்தில் பெரும்பாலும் எலிசா முறை. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய சீரம். கடைசியில் அமிலம் சேர்த்ததும் ரியாக்டிவ் குழி மட்டும் மஞ்சளாகும், மற்றவை தண்ணீர் மாதிரி நிற்கும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்பதை மெஷின் அளந்து சொல்லும். ரத்த வங்கியின் நோக்கம் ஒரு கெட்ட பை கூடத் தப்பக்கூடாது என்பது. அதனால் சந்தேகம் என்றால் பையை ஒதுக்கிவிடுவார்கள். நோயாளிக்கு நோய் உண்டா என்று முடிவு செய்வது வேறு வேலை.

ஒரு கிட், வைரஸ் இல்லாத ஆயிரம் பேரில் 5 பேரைத் தவறாக ரியாக்டிவ் என்று காட்டும் என வைத்துக்கொள்வோம். நல்ல கிட்தான் அது. ஆயிரம் கொடையாளர்களில் உண்மையிலேயே ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் 10 பேர் என்றால், போன் போவது 15 பேருக்கு. அதில் 5 பேருக்கு ஒன்றுமே இல்லை. ஹெப்படைட்டிஸ் சி இன்னும் அரிது. ஆயிரத்தில் 3 பேர் என்று வைத்தால், போன் போகும் 8 பேரில் 5 பேருக்கு ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல்! இதே கிட்டை, நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வைரஸ் இருக்கும் ஒரு டயாலிசிஸ் பிரிவில் வைத்துச் சோதித்தால், ஆயிரத்தில் 100 பேர் உண்மை, 5 பேர்கூடத் தவறு வராது. கிட் மாறவில்லை, உட்கார்ந்திருக்கும் கூட்டம்தான் மாறியது.

ஆகவே அடுத்த சோதனை அவசியம். பி என்றால், வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. சோதனையை மறுபடி செய்து, கூடவே கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை, தேவைப்பட்டால் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற அளவு). ஆறு மாதம் கழித்தும் அது பாசிட்டிவாகவே இருந்தால்தான் நாள்பட்ட தொற்று என்பார்கள். சி-யில் முதல் சோதனை தேடுவது எதிரணுக்களை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகளை. வைரஸ் எப்போதோ வந்து தானாகவே போயிருந்தாலும் எதிரணு ஆயுளுக்கும் இருக்கும். சுமார் மூன்றில் ஒருவருக்கு அப்படிப் போய்விடுவதும் உண்டு. வைரல் லோடு பார்த்தால்தான் இப்போது வைரஸ் உண்டா என்று தெரியும்.

சரி, நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்?

தேசியக் குடும்பநல ஆய்வில் சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதித்து மத்திய அரசு 2021-இல் நாடு முழுவதற்கும் வெளியிட்ட கணக்கு: பி 0.95 சதவீதம், சி 0.32 சதவீதம். இது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களையோ ரத்தம் கொடுத்தவர்களையோ பார்த்ததல்ல, வீடுவீடாக எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்குப் பி, 55 லட்சம் பேருக்குச் சி என்று மதிப்பிட்டது. சதவீதமாகப் பார்த்தால் பி இரண்டு மடங்குக்கும் மேல் வரும், சி சற்றுக் கூடும். கணக்கிடும் வழி வேறு, அதனால் எண்ணும் வேறு.

குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி 15 லட்சத்தைத் தாண்டியது, கிருஷ்ணகிரி 18.8 லட்சம் அளவு. இரண்டையும் சேர்த்து 0.95 சதவீதம் போட்டால் சுமார் 32 ஆயிரம் பேர் பி-யோடு. சி-க்குச் சுமார் 10 ஆயிரத்துச் சொச்சம். தேசிய சராசரியை நம் தலைக்கணக்கில் பெருக்கியது மட்டுமே இது, யாரும் வீடு வீடாகப் போய் எண்ணியதல்ல. ஆனாலும் அளவு புரியும்: பென்னாகரம் போகும் டவுன் பஸ்ஸில் திருவிழா நாளில் நூறு பேர் ஏறினால், அதில் ஒருவர் அறியாமலே அந்த வைரஸோடு பயணம் செய்கிறார் என்கிற அளவு.

ரத்த வங்கியின் சதவீதத்தையே மாவட்டத்தின் சதவீதமாகச் சொல்லக்கூடாதா?

நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், செய்தியிலும் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முகாமுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் 18 முதல் 40 வயது ஆண்கள். கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர்கள், ஓசூர் சிப்காட் தொழிலாளர்கள், தலைவர் பிறந்தநாளுக்குக் கட்சிக்காரர்கள். பெண்கள் வந்தாலும் ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று பலர் மேசையிலேயே திரும்பிவிடுவார்கள். குழந்தைகள் இல்லை, 65-க்கு மேல் இல்லை. மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தினீர்களா, ஆபரேஷன் ஆனதா என்று படிவத்திலேயே கேட்டு வடிகட்டுகிறோம். ஏற்கெனவே ரியாக்டிவ் என்று தெரிந்தவர் மறுபடி வரமாட்டார். ஐந்தாறு தடவை கொடுத்தவர் ஒவ்வொரு தடவையும் சோதனையில் தேறியவர். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சுவதில் பார்க்கும் சதவீதத்தை ஊர்ச் சதவீதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்திய ரத்த வங்கிகளின் அறிக்கைகளில் பி பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே வரும், சி அதில் பாதிக்கும் கீழே.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. ஓசூர் கம்பெனி முகாமில் கொடுப்பவர்களில் பிகார், ஒடிசாக்காரர்களும் இருப்பார்கள். தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவருடைய ரிசல்ட் பெங்களூர் விக்டோரியா மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும். அரூர்க்காரருடையது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும். எல்லையோர மாவட்டத்தில் "எங்கள் நோயாளிகள்" என்று கோடு போடுவது அவ்வளவு லேசில்லை.

அப்படியானால் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் ஏன் கூடுதலாக இருக்கிறது?

நோயாளிகள் என்று ஒரே கூட்டமாகச் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கும் சோதனையில், குடலிறக்கத்துக்கும் கண்புரைக்கும் வந்தவர்களிடம் கிடைக்கும் சதவீதம் ஊர்ச் சதவீதத்துக்கு அருகில் இருக்கும். உண்மையில் ரத்த வங்கி எண்ணைவிட ஊரைக் கொஞ்சம் நன்றாகக் காட்டுவது இதுதான். வயதானவர், பெண் எல்லோரும் வருகிறார்கள்.

பிரசவத்துக்கு முந்தைய சோதனை இன்னொரு நல்ல கண்ணாடி. இளம் பெண்கள் மட்டும்தான், ஆனால் யாரையும் வடிகட்டாமல்.

கல்லீரல் பிரிவில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வருகிறவர்களிடம் தேடினால் சதவீதம் ஏகத்துக்கும் ஏறும். வைரஸ்தான் அவர்களை அங்கே கொண்டுவந்தது என்பதால் அதில் ஆச்சரியம் இல்லை. டயாலிசிஸ் நோயாளிகள், பிறவி ரத்த நோய்களான தலசீமியா, ஹீமோஃபிலியா உள்ளவர்கள் இவர்களிடம் காரணம் தலைகீழ்: வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஊசி, அடிக்கடி ரத்தம், பகிர்ந்துகொள்ளும் மெஷின். இவர்களுக்குச் சிகிச்சையின் வழியாகவே வைரஸ் வந்திருக்கும். அதனால்தான் டயாலிசிஸ் பிரிவில் பி உள்ளவருக்குத் தனி மெஷின் வைக்கிறார்கள்.

யாராவது "நோயாளிகளில் 8 சதவீதம்" என்று அனுப்பினால், எந்த வார்டு என்று முதலில் கேளுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்கிறார்களே?

தண்ணீர்ப் பழி நம் மாவட்டங்களுக்குப் பழகிப்போனது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் ஃபுளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். சாக்கடை கலந்த தண்ணீரில் பரவும் காமாலை ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ. பி-யும் சி-யும் தண்ணீரில் வராது. ரத்தம், உடல் திரவம் வழியாகத்தான்.

எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. பின்னே எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் அது. பி வைரஸைப் பொறுத்தவரை நம் நாட்டில் பெரிய வழி பிறப்பும் குழந்தைப் பருவமும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் 90 சதவீதம் ஆயுளுக்கும் தங்கிவிடும். பெரியவருக்குப் புதிதாகத் தொற்றினால் 95 சதவீதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் தானே போய்விடும். எனவே 25 வயதில் நாள்பட்ட பி கண்டுபிடிக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் அது தொட்டில் காலத்திலேயே வந்தது. அவர் நடத்தையைத் தோண்டுவதில் அர்த்தமே இல்லை.

மற்ற வழிகள்: கொதிக்க வைக்காத, மறுபடி பயன்படுத்திய ஊசி. "ஒரு ஊசி போட்டாத்தாங்க கேக்கும்" என்று கேட்டு வாங்கும் பழக்கமும், பட்டம் இல்லாமல் ஊசி போடுகிறவர்களும் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் இப்படிப் பழைய ஊசிகளால் ஹெப்படைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். பாதுகாப்பில்லாத உடலுறவு, போதை ஊசியைப் பகிர்வது, திருவிழாக் கடையில் ஒரே ஊசியில் பச்சை குத்துவது, காதுகுத்து இவையும் வழிகள்தான்.

ஒகேனக்கல்லில் மொட்டை போடும் இடத்தில் நின்று பாருங்கள். ஆடிப்பெருக்கு நாளில் கத்தி ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குப் போகிற வேகத்தில் பிளேடு மாறுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். பாதிப் பிளேடை உடைத்துப் புதிதாக மாட்டச் சொல்லுங்கள். முறைக்க மாட்டார்கள், இப்போது பலர் தாங்களாகவே செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தத்தால் வந்திருக்குமா?

எப்போது ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989-இல். இந்தியாவில் கொடையளித்த ரத்தத்துக்கு அந்தச் சோதனை கட்டாயமானது 2001-இல். காசுக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. 2001-க்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு தடவை சி சோதனை செய்துகொள்வது நல்லது. இப்போது அறுபதைத் தாண்டிய அம்மாக்களில் பலர் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இன்றைக்கும் ஆபத்து பூஜ்யம் அல்ல, மிக மிகக் குறைவு. தொற்று உடம்பில் நுழைந்த முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாது. பி-க்கு எலிசாவில் சுமார் ஐந்தாறு வாரம், சி எதிரணுவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல்கூட. வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை அந்த இடைவெளியை நன்றாகக் குறைக்கும். அது எல்லா ரத்த வங்கியிலும் இல்லை. அதனால்தான் படிவத்தில் உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறோம். நண்பர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிட்டு ஜூஸ் குடித்துவிட்டுப் போய்விடலாம்.

போன வருஷம் கொடுத்தேனே, அப்போது ஒன்றும் சொல்லவில்லையே?

இடையில் புதிதாகத் தொற்றியிருக்கலாம். இப்போது வந்தது தவறான ரியாக்டிவாக இருக்கலாம். அல்லது அப்போதே அழைத்தும், உங்கள் எண் மாறியிருந்ததால் கிடைக்காமல் போயிருக்கலாம். மூன்றுமே நடப்பதுதான். பழைய கொடையாளர் அட்டையை எடுத்துப் போங்கள்.

சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தது. நான் ரத்தம் கொடுக்கலாமா?

அது ஏ அல்லது ஈ என்று உறுதியாகத் தெரிந்தால், குணமாகி 12 மாதம் கழித்துக் கொடுக்கலாம். பி, சி என்றால் கூடாது. எது என்றே தெரியாவிட்டாலும் தேசிய வழிகாட்டுதலின்படி கூடாது. பச்சை குத்தியிருந்தால் 12 மாதம் பொறுக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ஹெப்படைட்டிஸ் என்றால் அவருடைய துணைக்கும் நெருங்கியவர்களுக்கும் அதே 12 மாதம்.

கீழாநெல்லி சாப்பிட்டால் போய்விடும் என்கிறார் மாமியார்.

மாமியாரைச் சும்மா தள்ளிவிட முடியாது, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1988-இல் சென்னை ஆய்வாளர்களும், பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, வெற்று மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் திரும்பச் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு கதை நின்றுவிட்டது.

ஊரில் கீழாநெல்லிக்குப் பெயர் வந்தது ஏ, ஈ காமாலையால். அது சில வாரத்தில் தானாகவே சரியாகும்; அந்த நேரம் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். கையில் சுண்ணாம்பு தடவிக் கழுவினால் மஞ்சள் தண்ணீராக இறங்குவதும் அப்படித்தான். அரைத்துக் குடித்தால் பெரிய கெடுதல் நடக்கும் என்று பயமுறுத்த மாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடிப்பதுதான் ஆபத்து. கை, வயிற்றில் சூடு போடுவதை மட்டும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

இங்கிலீஷ் மருந்தில் குணமாகுமா? செலவு எவ்வளவு?

சி குணமாகும். சோஃபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் மாத்திரைகள், பெரும்பாலோருக்கு 12 வாரம். 95 சதவீதம் பேருக்கு வைரஸ் முற்றிலும் போய்விடும். பி-யை முழுதாக ஒழிப்பது அரிது. டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை தினம் ஒன்று போட்டு அடக்கி வைக்கலாம். பி உள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவையா என்பதை வைரல் லோடும் கல்லீரல் நிலையும் முடிவு செய்யும். தேவையில்லாதவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்பித்த மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வைரஸ் திமிறி எழும், கல்லீரல் செயலிழந்து போனவர்களும் உண்டு.

2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெப்படைட்டிஸ் திட்டத்தின் கீழ் இந்த மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரத்த வங்கிச் சீட்டோடு பொது மருத்துவப் பிரிவுக்குப் போய், ஹெப்படைட்டிஸ் திட்டத்தில் பதிய வேண்டும் என்று கேளுங்கள். சாராயம் அறவே கூடாது; இதில் பேரம் இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கணுங்களா?

பி என்றால் ஆமாம்: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்கள் அம்மா, கூடப்பிறந்தவர்கள். அம்மாவை விட்டுவிடுகிறார்கள், தொடக்கம் அங்கே இருக்கக்கூடும். நெகட்டிவாக இருப்பவர்களுக்குத் தடுப்பூசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என மூன்று. சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

2011-இல் பி தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகள் பட்டியலில் சேர்ந்தது. சில மாநிலங்களில் சற்று முன்பே தொடங்கினாலும், தடுப்பூசி போட்ட தலைமுறை இப்போதுதான் 18 வயதை நெருங்கி முகாம் மேசைக்கு வரப்போகிறது. வரும் ஆண்டுகளில் முதல் முறை கொடுக்கும் மாணவர்களிடம் பி சதவீதம் இறங்கினால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

கர்ப்பிணிக்குப் பி பாசிட்டிவ் என்றால்?

குழந்தையைக் காப்பாற்ற முடியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி (தயார்நிலையில் உள்ள எதிரணு), பிறகு 6, 10, 14-ஆவது வாரத் தடுப்பூசிகள். தாயின் வைரல் லோடு அதிகமானால் ஏழாவது மாதத்திலிருந்து டெனோஃபோவிர் கொடுப்பார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். பாலக்கோட்டில் எடுத்த ரிப்போர்ட் ஊத்தங்கரையில் பிரசவம் பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த 24 மணி நேரம் போனால் போனதுதான்.

தட்டு, டம்ளர் தனியாக வைக்கணுமா?

வேண்டாம். ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் தனி.

கம்பெனி மெடிக்கலில் தெரிந்தால் வேலை போகுமா?

வேலை செய்ய இது எந்த விதத்திலும் தடையல்ல, ஆபரேஷன் செய்ய மறுப்பதற்கும் காரணம் ஆகாது. வளைகுடா நாடுகளின் விசா மெடிக்கலில் மட்டும் பி, சி பாசிட்டிவ் என்றால் தகுதியில்லை என்பார்கள். ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்பே சோதித்துவிடுங்கள்.

சி குணமான பிறகாவது ரத்தம் கொடுக்கலாமா?

முடியாது. எதிரணு அப்படியே இருக்கும், எலிசா மறுபடி மஞ்சளாகும், பை மறுபடி குப்பைக்குப் போகும். பி-க்கும் நிரந்தரத் தடைதான். வாட்ஸ்அப் குரூப்பில் "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்று வரும்போது பெயர் கொடுக்காமல் இருக்கச் சங்கடப்படாதீர்கள். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் வேண்டாம்னுட்டார்" போதும். தம்பிக்கோ மச்சானுக்கோ சோதனை சரியாக இருந்தால் அவரை அழைத்து வாருங்கள், பதிவு மேசையில் படிவம் நிரப்ப ஆள் எப்போதும் குறைவுதான்.